மாப்பிள்ளை நாற்காலி

மர்சுதியின் வீட்டில் ஆம்பிளைகள் அதிகம் என்று அவர் மனைவி வினார்னி தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். இருப்பதென்னவோ அவர்கள் இரண்டு பேர்தான். ஒரே மகள் கல்யாணமாகி பாத்தாம் தீவுக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. மற்ற ஆம்பிளைகள் முன்னறை அலமாரியில் இருந்தார்கள், உறைக்குள்ளே, வரிசையாக, வாயைத் திறக்காமல். வினார்னி அவர்களுக்குத் தூசி தட்டுவாள். வியாழக்கிழமை அந்தியில் ஆளுக்கு நாலு மல்லிகை வைப்பாள். வைத்துவிட்டு, "சோறு கேக்காத மாமனாருங்க, அதுவரைக்கும் புண்ணியம்" என்பாள்.

எல்லாம் கெரிஸ்கள், ஜாவாக்காரர்கள் கும்பிட்டு வைத்துக்கொள்ளும் குத்துவாள்கள். வளைந்ததும் நேரானதும், ராஜா காலத்ததும் தாத்தா காலத்ததுமாக, ஒன்றைப் போல ஒன்று இல்லாதவை. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, பெயருக்கு முன்னால் 'கியாய்' என்ற பெரியவர் பட்டமும் உண்டு. சோலோ நகரத்தில் ரயில்வே சிக்னல்காரராகச் சேர்ந்து சிக்னல்காரராகவே ஓய்வு பெற்ற ஒரு மனிதர் இத்தனை பெரியவர்களைச் சேர்த்ததற்குக் காரணம் ஒன்றுதான். அவருக்கு வேறு எதற்கும் ஆசைப்படத் தெரியவில்லை.

ஜாவாக்காரன் முழு ஆம்பிளை ஆவதற்கு ஐந்து வேண்டும் என்பார்கள்: வீடு, மனைவி, குதிரை, கெரிஸ், பாடும் பறவை. இந்தக் கணக்கில் தன் வீட்டுக்காரர் எங்கே நிற்கிறார் என்று வினார்னி கல்யாண வீடுகளில் மற்றப் பெண்களுக்கு விளக்குவாள். வீடு வாடகை வீடு. குதிரை என்று ஒரு பழைய யமஹா, அதற்கும் மூட்டுவலி. பறவை பூனை வாயில் போயிற்று. மனைவி இருக்கிறாள், ஆனால் அவள் இருப்பது அவருக்கு இன்னும் தெரியாது. "கெரிஸ்ல மட்டும் நூத்துக்கு எரநூறு மார்க்கு" என்று முடிப்பாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மர்சுதியும் சேர்ந்து சிரிப்பார். மனைவியைப் பற்றிய அந்த நாலாவது வரியை அவர் சரியாகக் காதில் வாங்கியதே இல்லை.

அவர்கள் கல்யாணமே ஒரு கெரிஸை வைத்துத்தான் நடந்தது. அந்த வருஷம் பேய்மழை. பெங்காவான் ஆறு கரையை மீறி, தண்டவாளம் தண்ணீருக்குள் போய்விட்டது. மர்சுதி ஆற்றோரத்துச் சின்ன ஸ்டேஷன் ஒன்றில் டியூட்டியில் மாட்டிக்கொண்டார். மாற்று ஆள் வர வழியில்லை, விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை. இங்கே பெண் வீட்டில் பந்தல் போட்டாயிற்று, ஆடு அறுத்தாயிற்று, தேங்காய்ப்பால் சோறு அடுப்பில் வெந்துகொண்டிருக்கிறது. நாள் பார்த்து வைத்த கல்யாணத்தைத் தள்ளிப் போட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஸ்டேஷன் தொலைபேசியில் அவர் சம்மதம் சொல்ல, அவருடைய சித்தப்பா அவருக்குப் பதிலாக இருந்து நிக்காஹை முடித்துவைத்தார். ஆனால் மணமேடையில் பெண்ணுக்குப் பக்கத்தில் சித்தப்பாவை உட்கார வைக்க முடியுமா? அதற்குப் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளை வர முடியாத இடத்தில் அவருடைய கெரிஸ் உட்காரும்.

அது மர்சுதியின் அப்பா விட்டுவிட்டுப் போன கெரிஸ். நேர் அலகு, ஒரு வளைவு கிடையாது, நாட்டுப்புறக் கொல்லன் வேலை. பெயர் கியாய் தெந்த்ரம். நிம்மதிப் பெரியவர் என்று அர்த்தம். பட்டுத்துணி சுற்றி மாப்பிள்ளை நாற்காலியில் அவரைச் சாய்த்து வைத்தார்கள். வினார்னி நாள் முழுக்கக் குனிந்த தலையோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் அவளைப் பார்த்துக் கைகூப்பினார்கள், நாற்காலியைப் பார்த்தும் கைகூப்பினார்கள். வெள்ளம் வடிந்து, டிராலியில் ஏறி, முழங்கால் வரை சேற்றோடு மர்சுதி வந்து சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து வினார்னிக்கு அது வாய்க்கு வாய் கேலி. "என் வீட்டுக்காரரு நேரத்துக்கு வந்துட்டாரு. இவரு அவரோட தம்பி, லேட்டா வந்தவரு" என்று மகளிடம்கூடச் சொல்வாள்.

கெரிஸ் பித்து எப்போது பிடித்தது என்று மர்சுதிக்கே தெரியாது. டியூட்டி முடிந்து வரும் வழியில் திரிவிந்து பழம்பொருள் சந்தையில் டீ குடிக்க நிற்பார். பக்கத்துக் கடைக்காரர் ஓர் அலகை உருவி, நெற்றிக்கு உயர்த்திக் கும்பிட்டு, வெயிலில் சாய்த்துக் காட்டுவார். கறுத்த இரும்புக்குள்ளிருந்து வெள்ளிக் கோடுகள் பால் ஆடைபோல் நெளிந்து எழும். அதைப் பார்த்துக்கொண்டே டீ ஆறிப்போகும். முதலில் டீ ஆறியது, பிறகு வீட்டில் சோறு ஆறியது. நாளடைவில் எந்தக் காலத்து அலகு, எந்த ஊர்ப் பட்டறை, யார் கைக்குச் செய்தது என்று தொட்டுப் பார்த்தே சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். மகளுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து சொன்ன ஒரு நாள்கூட, இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு உறையின் மரத்தை முகர்ந்துகொண்டு நின்றவர்தான் அவர்.

கெரிஸை வாங்கினேன் என்று யாரும் சொல்வதில்லை. பெண்ணுக்குப் பரியம் போடுவதுபோல் பரியம் போட்டுத்தான் அழைத்து வர வேண்டும். அதற்கு முன்னால், நம்மோடு வரச் சம்மதமா என்று அதையே கேட்க வேண்டும். தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தால் கனவில் பதில் வரும். மர்சுதிக்குக் கனவே வராது. ஷிப்டு வேலை பார்த்த உடம்பு, படுத்தால் கட்டை. ஆனால் காலையில் கெரிஸுக்குச் சொந்தக்காரர் முகத்தைப் பார்த்ததும், வெள்ளைத் தாடிக் கிழவர் வந்தார், தோளைத் தட்டினார், சிரித்தார் என்று கூசாமல் சொல்லிவிடுவார். அலமாரியில் இருந்த அத்தனை பெரியவர்களும் அந்த ஒரே தாடிக் கிழவரின் சிபாரிசில் வந்தவர்கள்தான்.

அவர்களில் ஒருவர் வந்த விதம் மட்டும் வேறு. வோனோகிரி மலைப்பக்கத்திலிருந்து சுகிர்மான் என்ற விவசாயி ஒரு நாள் ஓர் அலகைக் கோணியில் சுற்றி எடுத்து வந்தார். உறை இல்லை, பிடி இல்லை. பதினொரு வளைவு, ஓடுகிற பாம்பு மாதிரி. எந்த அரண்மனைப் பட்டறையில் பிறந்ததோ, எப்படி இந்தக் கோணிக்கு வந்ததோ. மர்சுதி அதைக் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை. சுகிர்மானுக்குப் பணம் வேண்டாம். இது சூடான கெரிஸ், இது வீட்டில் நுழைந்ததிலிருந்து ஒரு வேளைச் சோறு சண்டையில்லாமல் தொண்டையில் இறங்கவில்லை என்றார். அவருக்கு வேண்டியது குளிர்ந்த கெரிஸ். மணமேடையில் மாப்பிள்ளையாக உட்கார்ந்த கெரிஸ் போகிற வீட்டில் குடும்பத்தை நிலைக்க வைக்கும் என்று சொல்வார்கள். அப்படி ஒருவர் இந்த வீட்டில் இருக்கிறாராமே என்று கேட்டார்.

ஆசை வெட்கம் அறியாது. வினார்னி காய்கறி வாங்கப் போயிருந்த காலைநேரத்தில் மர்சுதி கியாய் தெந்த்ரத்தின் பிடியைக் கழற்றி, வெறும் அலகைச் சுகிர்மான் கையில் கொடுத்தார். அந்தப் பிடியைப் பதினொரு வளைவுக்காரருக்கு மாட்டினார். நேர் அலகுக்காகச் செய்த ஒடுங்கிய உறைக்குள் வளைந்தவர் நுழைய மாட்டாரே. உறை செய்கிறவரிடம் கொடுத்து உள்ளே குடைந்து அகலமாக்கி வாங்கி வந்தார். வெளியிலிருந்து பார்த்தால் அதே உறை, அதே பிடி, அதே நிம்மதிப் பெரியவர். உள்ளே வேறு ஆள்.

அந்த வியாழனும் வினார்னி மல்லிகை வைத்தாள். அடுத்த வியாழனும் வைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று என்று மர்சுதி நம்பினார். ஆனால் அவ்வளவு ஆசைப்பட்டு வாங்கியவரை நாலு பேருக்கு முன்னால் உருவிக் காட்ட முடியவில்லை. அவள் வெளியே போகும் நேரம் பார்த்து உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, கேட் சத்தம் கேட்டதும் சொருகிவிடுவார். சொந்த வீட்டில் கள்ளத்தனம் செய்கிற மாதிரி ஆகிவிட்டது. வருஷங்கள் போகப் போக உருவிப் பார்ப்பதும் குறைந்தது.

இப்போது வினார்னி தூசி தட்டுவதில்லை. போன மழைக்காலத்தில் குளியலறையில் விழுந்தாள். வாதம் என்றார்கள். இடது பக்கம் முழுக்க உணர்ச்சி போய்விட்டது. வாய் கொஞ்சம் கோணிற்று, பேச்சு மெதுவாயிற்று, கேலி மட்டும் கோணவில்லை. உள்ளறைக் கட்டிலில் படுத்திருந்தாள். பக்கத்து வீட்டு ருகினா காலையும் மாலையும் வந்து துடைத்துவிட்டு, தலைவாரி, கஞ்சி ஊட்டிவிட்டுப் போவாள். கட்டிலின் ஓரத்தில் ஒரு மர நாற்காலி. அதில் துவைத்த துணியும் மாத்திரை டப்பாவும் சுடுதண்ணீர் ஃபிளாஸ்கும் இருந்தன.

மர்சுதி முன்னறையில் இருந்தார். மனைவியைக் கைவிட்டுவிட்டார் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. மருந்து வாங்கி வருவார், அரிசி வாங்கி வருவார், பொழுதுக்கு ஒரு முறை கதவருகே நின்று என்ன வேண்டும் என்று கேட்பார். ஒன்றும் வேண்டாம் என்று அவள் சொன்னதும் திரும்பி வந்துவிடுவார். அந்த அறைக்குள் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கெரிஸ் என்றால் எலுமிச்சைச் சாறு விட்டுத் துருவெடுத்து, பாஷாணம் பூசி, எண்ணெய் தடவி வைக்கத் தெரியும். படுத்துக்கிடக்கும் மனுஷியை என்ன செய்வது? பயமாக இருந்தது. அந்தப் பயத்தை அவர் வேலை என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டார்.

வேலைக்கும் குறைவில்லை. சுரோ மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. கெரிஸ்களைக் குளிப்பாட்டுகிற மாதம். தெருக்காரர்கள் தங்கள் வீட்டுக் கெரிஸையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். வாசலில் "குலோனுவோன்" என்று யாராவது வணக்கம் சொல்லிக் கூப்பிட்டால் போதும், மர்சுதி எழுந்துவிடுவார். எலுமிச்சை பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. முட்டி மடங்க மறுத்தது. ஒரு காலத்தில் பால் ஆடைபோல் எழுந்த கோலங்களைப் பார்த்தால் இப்போது, இன்னும் ஒன்றைக் கழுவ வேண்டும் என்ற நினைப்புதான் வந்தது. இத்தனை பேருக்கும் எதற்காகப் பரியம் போட்டோம் என்று சில மத்தியானங்களில் அலமாரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பதில் தெரியாது. அலுப்பாக இருக்கும். எழுந்து அடுத்ததை எடுப்பார்.

அப்படி ஒரு மத்தியானம் அவர் கதவருகே எட்டிப் பார்த்தபோது வினார்னி வழக்கம்போல் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"ஏங்க, அந்தப் பெரியவரைக் கொண்டாந்து இங்க வைக்கிறீங்களா? கல்யாணத்தன்னிக்கு என் பக்கத்துல உக்காந்தாரே, அவரை."

இன்னும் கழுவவில்லை, கழுவிவிட்டுக் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மர்சுதி முன்னறைக்கு வந்து அலமாரிக்கு முன்னால் நின்றார். அதே உறை, அதே பிடி. கையில் எடுத்துக்கொண்டு போய் வைத்தால் முடிந்தது. இத்தனை வருஷம் வைத்த பூவை வாங்கிக்கொண்டவர்தானே. ஆனால் கை போகவில்லை. துணிமணி கேட்டதில்லை, நகை கேட்டதில்லை, சினிமாவுக்குக் கூட்டிப்போ என்று கேட்டதில்லை. வாழ்நாளில் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறாள். அடுத்த சுரோவுக்கு அவள் இருப்பாளோ மாட்டாளோ. அவள் பக்கத்தில் போய் ஓர் அந்நியனைப் படுக்க வைப்பதா என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. எங்கிருந்தாலும் பழையவரைத் தேடிக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

ருகினாவிடம் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வோனோகிரி பஸ் ஏறினார். சுகிர்மான் ஊர் பேர் மட்டும் ஞாபகம் இருந்தது. பஸ் இறங்கி, மோட்டார்சைக்கிள்காரர் பின்னால் உட்கார்ந்து கரடு முரடாக மலையேறி, இடுப்பு விட்டுப்போன பிறகுதான் தெரிந்தது, சுகிர்மான் செத்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் மனைவி சாமிந்தென் மரவள்ளி பிடுங்க மலைக்கு அந்தப்புறம் போயிருந்தாள். வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டைப் பார்த்துக்கொண்டு கடைசி பஸ் வரை காத்திருந்துவிட்டுத் திரும்பினார். வந்ததும் வினார்னியை எட்டிப் பார்த்தார். எங்கே போயிருந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவர் கைலியில் ஒட்டியிருந்த செம்மண்ணை மட்டும் பார்த்தாள்.

இரண்டாம் தடவை சாமிந்தென் வீட்டில் இருந்தாள். எலும்பும் தோலுமாக, வெற்றிலைச் சிவப்பு வாயோடு, கையில் பாதி சீவிய மரவள்ளிக்கிழங்கோடு. அலகு அவள் வீட்டு நெற்குதிருக்கு மேலே, புது உறையில் தொங்கிக்கொண்டிருந்தது. மர்சுதி விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். இந்தப் பெரியவர் வந்த பிறகு உங்கள் வீட்டில் சண்டை நின்றதா என்றும் கேட்டார்.

"சண்டை எங்க நிக்கும்? நின்னது சாப்பிடாம படுக்கறதுதான். அவரு வந்தப்புறம் சண்டை போட்டுட்டு சாப்பிட்டோம். குடும்பத்துக்கு அது போதாதா?" என்றாள் சாமிந்தென்.

கொடுப்பதா வேண்டாமா என்று அவள் சொல்ல மாட்டாளாம். பெரியவரைத்தான் கேட்க வேண்டும். அதற்கு நாள் இருக்கிறது, வெள்ளிக்கு முந்தின அந்தி வாருங்கள், தலைமாட்டில் வைத்துப் படுங்கள், அவர் சொல்கிறபடி என்றாள். மர்சுதி மறுபடி மலை இறங்கினார். மறுபடி பஸ். மறுபடி கதவருகே நின்று என்ன வேண்டும் என்றார். பெரியவரைக் கழுவி முடித்தீர்களா என்று வினார்னி கேட்டாள். கழுவிக்கொண்டிருக்கிறேன் என்றார்.

மூன்றாம் தடவை போய் மரவள்ளிச் சோறும் கருவாடும் சாப்பிட்டு, சாமிந்தென் விரித்த பாயில் கியாய் தெந்த்ரத்தைத் தலைக்கு அடியில் வைத்துப் படுத்ததுதான் தெரியும். கண் விழித்தபோது வெயில் முகத்தில் அடித்தது. சாமிந்தென் டீ டம்ளரோடு எதிரே குத்த வைத்து உட்கார்ந்து, என்ன சொன்னார் என்று கேட்டாள்.

தாடிக் கிழவர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டார். எத்தனை வீடுகளில் வந்தவர், இங்கே வருவதற்கு என்ன? ஆனால் மர்சுதிக்கு அவரை உள்ளே கூப்பிடத் தெம்பில்லை. இடுப்பு வலித்தது, முட்டி வலித்தது, பொய் சொல்வதற்கும் கொஞ்சம் உடம்பு வேண்டியிருக்கிறது.

"ஒண்ணும் வரலம்மா. படுத்தேன், தூங்கிட்டேன். எனக்கு எப்பவுமே கனவு வராது."

சாமிந்தென் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "இதுக்கு முன்னாடி சந்தையிலேருந்து ரெண்டு பேரு வந்து படுத்தாங்க. ரெண்டு பேருக்கும் வெள்ளத் தாடியோட ஒருத்தர் வந்தாராம். என் புருஷன் வீட்டுல எவனுக்கும் தாடி கிடையாது, அவரு எங்கேருந்து வர்றாருன்னு தெரியல. நீங்க விட்ட குறட்டையில ஆடே கத்தல. கொண்டு போயி அந்தம்மா பக்கத்துல வைங்க. ஆனா திருப்பிக் கொண்டாந்துரணும். இப்ப அவரு எங்க வீட்டு ஆளு."

உறையைத் தர மாட்டேன் என்றாள். அலகை மட்டும் பழைய சட்டைத்துணியில் சுற்றிக் கொடுத்தாள். மர்சுதி அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். வழியெல்லாம் தூங்கினார். தூக்கத்திலும் கை துணியை விடவில்லை. சோலோ வந்து சேர்ந்தபோது, இந்த ஒன்றையாவது சரியாகச் செய்துவிட்டோம் என்று ஒரு சின்ன ஆறுதல் அவருக்கு இருந்தது.

முன்னறையில் உட்கார்ந்து பதினொரு வளைவுக்காரரை வெளியே எடுத்து மேஜையில் கிடத்தினார். பிடியைக் கழற்றிப் பழையவருக்கு மாட்டினார். நெற்றிக்கு உயர்த்தி, உறைக்குள் இறக்கினார். இறக்கியதும் உள்ளே கடகடவென்று சத்தம். மறுபடி எடுத்து, மறுபடி இறக்கினார். கடகட. வளைந்தவருக்காகக் குடைந்து அகலமாக்கிய உறை அல்லவா? அவருக்கென்றே செய்த உறைக்குள் நிம்மதிப் பெரியவர் இப்போது டப்பாவுக்குள் போட்ட ஆணி மாதிரி ஆடிக்கொண்டிருந்தார். இதை மர்சுதி யோசிக்கவே இல்லை. உறையை ஆட்டி ஆட்டி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். அழுகை வரும் போலிருந்தது. பிறகு கொஞ்சம் பஞ்சைக் கிழித்து அலகைச் சுற்றித் திணித்து, சத்தத்தை அடக்கி, எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நாற்காலியிலிருந்த துணியைக் கட்டிலின் கால்மாட்டில் போட்டார். டப்பாவையும் ஃபிளாஸ்கையும் தரையில் இறக்கினார். நாற்காலியைத் துடைத்து, கல்யாணத்தன்று வைத்த மாதிரியே கெரிஸை அதில் சாய்த்து வைத்தார். வினார்னி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நல்ல கையை நீட்டினாள். அவர் எடுத்துக் கொடுத்தார். அவள் அதைத் தூக்கி, கீழே இறக்கி, மறுபடி தூக்கினாள்.

"இது அவராச்சே," என்றாள்.

அவரைத்தானே நீ கேட்டாய் என்றார் மர்சுதி.

"அவரு போயி எத்தனையோ வருஷமாச்சே. எங்க போயி பிடிச்சீங்க?"

மர்சுதி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உனக்குத் தெரியுமா என்று கேட்டது அவருக்கே கேட்கவில்லை.

"வாராவாரம் தூக்கித் துடைக்கிறவளுக்குக் கனம் தெரியாதா? ஒரு வியாழக்கிழமை பெரியவரு திடீர்னு கனத்தாரு. சரி, ஆளை மாத்திட்டாருன்னு நெனச்சுக்கிட்டேன்." மூச்சு வாங்க நிறுத்தினாள். "கேட்டா நீங்க தாடிக் கிழவர் கதையைச் சொல்வீங்க. எதுக்கு அவரை வேற தொந்தரவு பண்ணணும்? வந்தவரும் பாவம், யாரோ வீட்டை விட்டு வெரட்டினவரு. அவருக்கும் பூ வச்சேன்."

"அப்படின்னா எதுக்குக் கேட்ட?" என்றார் மர்சுதி. குரலில் கோபம்கூட இருந்தது. "மூணு தரம் மலை ஏறி இறங்கியிருக்கேன். இடுப்பு போச்சு. நீ கேட்டியேன்னுதான்."

"தெரியும். ருகினா சொன்னா. மூணு தரமும் நான் இங்க தனியாத்தான் கெடந்தேன்."

கெரிஸை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதை நாற்காலியில் வைத்தார். வினார்னி மெதுவாகப் பேசினாள். கோபமாகப் பேசவில்லை, அலுத்துப்போய்ப் பேசினாள்.

"அன்னிக்கு நீங்க வர முடியலன்னு அவரை உக்கார வச்சாங்க. அதுல எனக்கு வருத்தமில்ல. ஆத்துல வெள்ளம், நீங்க என்ன பண்ணுவீங்க? இப்ப முன்னறையிலேருந்து இந்த ரூமுக்கு வர உங்களால முடியல. நடுவுல ஆறு எதுவும் ஓடல. சரி, பழக்கப்பட்டவரு அவராவது பக்கத்துல இருக்கட்டும்னு கேட்டேன். உறைக்குள்ள எவன் இருந்தா என்ன? நீங்க இந்த நாற்காலியில உக்காந்திருந்தா நான் எதுக்குங்க இரும்பைக் கேக்கப்போறேன்?"

கல்யாண வீடுகளில் அவள் சொல்லும் கணக்கு மர்சுதிக்கு நினைவுக்கு வந்தது. வீடு, குதிரை, பறவை, மனைவி. அவள் இருப்பது இன்னும் அவருக்குத் தெரியாது என்ற அந்த வரியில் சிரிக்க என்ன இருந்தது? அவரும் சேர்ந்து சிரித்தாரே என்று இப்போது வெட்கமாக இருந்தது.

"குலோனுவோன்" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது. யாரோ கெரிஸ் கழுவக் கொண்டு வந்திருக்கிறார்கள். பழக்கதோஷத்தில் மர்சுதியின் உடம்பு கதவுப்பக்கம் திரும்பியது. அவர் திரும்புவதற்கு முன்பே வினார்னி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். அவ்வளவு நன்றாக அவளுக்கு அந்தக் குரலின் பலன் தெரிந்திருந்தது.

மறுபடி கூப்பிட்டார்கள். மர்சுதி நாற்காலியிலிருந்து கெரிஸை எடுத்தார். வைக்க இடமில்லை. கால்மாட்டில் துணி இருந்தது, ஜன்னலில் மருந்து இருந்தது. கெரிஸைத் தரையில் வைக்கக் கூடாது. வாழ்நாளில் ஒரு முறைகூட அவர் வைத்ததில்லை, வைத்தவர்களைத் திட்டியிருக்கிறார். குனிந்து, முட்டி இரண்டும் முனகக் குனிந்து, கியாய் தெந்த்ரத்தை ஃபிளாஸ்குக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே கிடந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

வினார்னி வெகு நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் கூப்பிட்டவர் போய்விட்டிருந்தார்.

"அந்தக் கைக்கு நீங்க வந்தது தெரியாது. இந்தப் பக்கம் வாங்க," என்றாள்.

மர்சுதி எழுந்து நாற்காலியை இழுத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி வந்தார். மறுபுறம் போட்டு, உட்கார்ந்து, அவளுடைய வலது கையைப் பிடித்தார். வெடித்த விரல்கள் அவளுக்கு உறுத்தியிருக்க வேண்டும். அவள் கையை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன, வெள்ளம் இப்பத்தான் வடிஞ்சுதா?" என்றாள்.